விசில் இல்லாமல் 489 வெற்றி: ஜான் கலார்டி முறையை இன்னொரு சின்னக் கல்லூரியில் நடத்த முடியுமா?

#1 புல்தரை

இங்கே அமெரிக்கன் ஃபுட்பால் என்றாலே என்எஃப்எல், அதை விட்டால் அலபாமா, ஒஹாயோ ஸ்டேட் மாதிரிப் பெரிய கல்லூரி டீம்கள். ஆனால் கல்லூரி ஃபுட்பாலில் தலைமைக் கோச்சாக அதிக ஆட்டங்களை ஜெயித்தவர் அந்தப் பெரிய மைதானங்களின் பக்கமே போகாதவர். மினசோட்டாவில் காலேஜ்வில் என்ற இடத்தில் பெனடிக்ட் சபைத் துறவிகளின் மடத்தோடு சேர்ந்த ஆண்கள் கல்லூரி, செயின்ட் ஜான்ஸ். அங்கே 1953 முதல் 2012 வரை 60 சீசன் இருந்தார் ஜான் கலார்டி. அதற்கு முன் இருந்த கல்லூரியையும் சேர்த்து மொத்தக் கணக்கு 489 வெற்றி, 138 தோல்வி, 11 டிரா.

பயிற்சியில் டேக்கிள் (பந்து வைத்திருப்பவனைப் பிடித்துக் கீழே சாய்ப்பது) கிடையாது, விசில் கிடையாது, ஆட்டத் திட்டங்கள் எழுதிய பிளேபுக் கிடையாது என்று படித்திருக்கிறேன். எனக்கு மூன்று விஷயம் தெரிய வேண்டும். டேக்கிளே செய்யாமல் பயிற்சி எடுத்த டீம் சனிக்கிழமை ஆட்டத்தில் எப்படி டேக்கிள் செய்கிறது? மற்ற கோச்சுகள் ஏன் இதைப் பின்பற்றவில்லை? இந்த மாதிரிச் சின்னக் கல்லூரியில் கோச் வேலை என்றால் உண்மையில் என்னென்ன?

#2 ஃபோர்த்_டவுன்

முதலில் அவர் வந்த வழியைச் சொல்கிறேன். முறை எங்கே பிறந்தது என்பது அதிலேயே இருக்கிறது.

பிறந்தது 1926, கொலராடோவில் டிரினிடாட் என்ற ஊர். 1943ல் அவருடைய பள்ளி கோச்சை ராணுவத்துக்குக் கூப்பிட்டுவிட்டார்கள். டீமையே கலைத்துவிடலாம் என்ற நிலையில், 16 வயதில், ஆடிக்கொண்டே கோச் வேலையையும் எடுத்துக்கொண்டார். அன்றைய பள்ளிப் பயிற்சி என்றால் சுற்றுச் சுற்றாக ஓட்டம், நீளமான உடற்பயிற்சி, நடுவில் தண்ணீர்கூடக் குடிக்கக் கூடாது. ஒரு ஆட்டக்காரனாக அவருக்குப் பிடிக்காததை எல்லாம் முதல் வேலையாக எடுத்துவிட்டார். மிஞ்சியது பிளே, அதாவது திட்டமிட்ட ஒவ்வொரு நகர்வையும், ஓடிப் பார்ப்பது மட்டும்தான். பின்னாளில் பத்திரிகைகள் பட்டியல் போட்டு எழுதிய அத்தனை 'வேண்டாம்'களுக்கும் வேர் அதுதான்.

கொலராடோ காலேஜில் படித்துக்கொண்டே ஒரு பள்ளி டீமையும் பார்த்துக்கொண்டார். 1949ல் மொன்டானாவின் கேரல் காலேஜில் கோச். நான்கு சீசனில் 24-6-1 (வெற்றி, தோல்வி, டிரா), மூன்று கான்ஃபரன்ஸ் பட்டம். 1953ல் செயின்ட் ஜான்ஸ்.

அங்கே அவருக்கு முன்னால் இருந்தவர் ஜானி பிளட் மக்நாலி. ப்ரோ ஃபுட்பால் ஹால் ஆஃப் ஃபேமின் முதல் தொகுதியிலேயே இடம்பிடித்த ஆட்டக்காரர், அதே கல்லூரியில் படித்தவர். அவராலேயே அங்கே பெரிதாக ஒன்றும் செய்ய முடியவில்லை. கலார்டி வந்த முதல் சீசனிலேயே மியாக் பட்டம் வந்தது. மியாக் என்பது மினசோட்டாவின் சின்னக் கல்லூரிகள் சேர்ந்து ஆடும் கான்ஃபரன்ஸ். கூடவே ஐந்து சீசன் ஐஸ் ஹாக்கி டீமையும் கவனித்துக்கொண்டார்.

தேசியப் பட்டம் நான்கு. 1963ல் பிரெய்ரி வியூவை 33-27, 1965ல் லின்ஃபீல்டை 33-0. இரண்டும் சின்னக் கல்லூரிகளின் விளையாட்டு அமைப்பான என்ஏஐஏவில். கல்லூரி விளையாட்டின் பெரிய அமைப்பான என்சிஏஏவில் சின்னக் கல்லூரிகளுக்கான டிவிஷன் 3 தொடங்கியது 1973ல். அதற்குப் பிறகு 1976ல் டவ்சனை 31-28, 2003ல் மவுன்ட் யூனியனை 24-6. அந்த 1963 பிரெய்ரி வியூ டீமில் ஓட்டிஸ் டெய்லர் ஆடினார், பிறகு கான்சஸ் சிட்டி சீஃப்ஸின் ரிசீவர். ஆள் பலமில்லாத எதிரியைப் பார்த்து ஜெயித்த பட்டம் என்று யாரும் சொல்ல முடியாது.

#3 கார்டு_64

டேக்கிள் கேள்விக்கு நான் வருகிறேன். இதில் எல்லாரும் கவனிப்பது 'டேக்கிள் இல்லை' என்பதை. கவனிக்க வேண்டியது அதனால் மிச்சமாகும் நேரத்தை.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். 11 பேருக்கு எதிராக 11 பேர், முழு டேக்கிள். பந்து ஸ்நாப் ஆகி (பின்னால் கொடுக்கப்பட்டு பிளே தொடங்கி) ஆள் கீழே விழ ஐந்தாறு வினாடிதான். ஆனால் குவியலிலிருந்து எழுந்து, ஹெல்மெட்டைச் சரிசெய்து, கோச் கத்தி முடித்து, வட்டமாகக் கூடும் ஹடிலுக்குத் திரும்பி, அடுத்த பிளேக்கு வரிசையில் நிற்க ஒரு நிமிடம் ஓடிவிடும். 40 நிமிடத்தில் 40 பிளே. யாரும் கீழே விழாவிட்டால் அதே பிளேக்கு 25, 30 வினாடி போதும். 80 பிளேக்கு மேல் ஓடலாம். அதோடு, முழு டேக்கிளில் முதல் 11 பேரைப் பாதியிலேயே உட்காரவைத்துவிடுவார்கள், அடிபட்டால் சனிக்கிழமை ஆள் இல்லை என்ற பயத்தில். இங்கே அந்த 80 பிளேயையும் முதல் 11 பேரே ஓடலாம். ஒரு சீசன் முழுக்க இப்படி ஓடினால், அந்த வித்தியாசம் ஆயிரக்கணக்கான பிளே.

செயின்ட் ஜான்ஸ் பயிற்சி ஒன்றரை மணி நேரத்தைத் தாண்டாது. ஐந்து நிமிடம் போல உடம்பைச் சூடாக்குவது. கனமான ஸ்லெட்டைத் தள்ளுவது இல்லை, மோதிப் பழகும் டம்மி இல்லை, தண்டனை ஓட்டம் இல்லை, கடைசியில் ஸ்பிரிண்ட் இல்லை. கீழே ஷார்ட்ஸ் அல்லது ஸ்வெட் பேன்ட். இது போனதால் கிடைத்த நேரம் முழுவதும் டீமாக நின்று பிளே ஓடுவதற்கே.

ஓடும்போது என்ன நடக்கிறது என்பதைப் பார்க்க வேண்டும். டிஃபெண்டர் பந்து வைத்திருப்பவனை நோக்கி முழு வேகத்தில் வருகிறான். கடைசி இரண்டு அடியில் இடுப்பை இறக்கி, தலையை ஒரு பக்கம் வைத்து, இரண்டு கையும் ஆளுக்கு இரண்டு பக்கமும் போகும் நிலைக்கு வந்து, விட்டுவிடுகிறான். முன்வரிசையில் மோதும் லைன்மேன்கள் கையை உள்ளே வைத்துப் பிடித்து, இரண்டு மூன்று அடி தள்ளி, நின்றபடியே நிறுத்துகிறார்கள். முக்கியமான சட்டம் ஒன்றுதான்: யாரும் தரையில் விழக்கூடாது. லைன்மேனுக்கு முழங்கால் போவதற்குப் பெரிய காரணம் எதிரில் நிற்பவன் இல்லை, பின்னாலிருந்து காலில் வந்து விழும் ஆள்.

எதிரில் நிற்கும் ஸ்கவுட் டீம் அந்த வாரத்து எதிரணியின் அமைப்பைக் காட்டும். நான்கு பேர் முன்வரிசையா, ஐந்து பேரா, பிளிட்ஸ் (கூடுதல் ஆட்கள் பாய்ந்து வருவது) அகலமான பக்கத்திலிருந்தா குறுகிய பக்கத்திலிருந்தா என்று ஒவ்வொன்றாக மாற்றுவார்கள். ஒரே பிளேயை அத்தனைக்கும் எதிராக ஓடிப் பார்ப்பார்கள். 'இந்த அமைப்பு வந்தால் என் ஆள் யார்' என்ற கேள்விக்கு கார்டு (லைன்மேன்களில் ஒருவர்) யோசிக்காமல் பதில் சொல்லும்வரை. யோசிக்கிற லைன்மேன் எவ்வளவு பலசாலியாக இருந்தாலும் அரை வினாடி தாமதம். அந்த அரை வினாடியில்தான் ரன் பிளே செத்துப்போகிறது.

#4 பெஞ்ச்_வார்மர்

> கடைசி இரண்டு அடியில் இடுப்பை இறக்கி... விட்டுவிடுகிறான்

சரி, ஆனால் ஆளைக் கீழே சாய்ப்பது தனித் திறமைதானே? சீசன் முதல் ஆட்டத்தில் டேக்கிள் நழுவாதா?

#5 கார்டு_64

நழுவும். இந்த முறையை எடுத்துக்கொள்ளும் டீம் முதல் ஓரிரு ஆட்டத்தில் அந்த விலையைக் கொடுக்கத்தான் வேண்டும். ஆனால் முழு டேக்கிள் பயிற்சி எடுத்த டீம்களுக்கும் முதல் வாரம் நழுவுகிறது. ஃபிலிமை நிறுத்தி நிறுத்திப் பார்த்தால், நழுவிய டேக்கிளில் பாதிக்கு மேல் கை பிடிப்பதில் வந்த தவறு இருக்காது. வந்த கோணம் தப்பு. ஆள் இருக்கும் இடத்தைப் பார்த்து ஓடியிருப்பான், ஆள் போகப்போகும் இடத்துக்கு ஓடியிருக்க மாட்டான். கோணத்தைக் கற்றுக்கொடுக்க யாரையும் கீழே தள்ள வேண்டியதில்லை.

உண்மையில் சிக்கல் வரும் இடங்கள் வேறு.

முதலாவது, கிக் கவரேஜ், அதாவது உதைத்த பந்தைப் பிடித்தவனைத் துரத்துவது. 40 யார்டு முழு வேகத்தில் ஓடிவந்து திறந்த வெளியில் ஒரே ஆளை மறிப்பது. இதை அரை வேகத்தில் பழகவே முடியாது. அதனால் கவரேஜுக்குப் பழைய ஆட்டக்காரர்களைப் போட வேண்டும், புது ஆட்களை நிரப்பக் கூடாது. அடுத்தது கோல் லைனில் ஒரு யார்டு, இரண்டு யார்டு பாக்கி இருக்கும் பிளே. அங்கே யார் தாழ்வாக இருக்கிறார்களோ அவர்களுக்குத்தான் இடம். நின்று தடுத்துப் பழகிய லைன் கொஞ்சம் உயர்ந்தே எழும்பும்.

மூச்சு விஷயம் மூன்றாவது. தனியாக ஸ்பிரிண்ட் ஓடவில்லை என்றால் பிளேக்கும் பிளேக்கும் நடுவே உள்ள வேகம்தான் ஸ்பிரிண்ட். கோச் ஒவ்வொரு பிளேக்குப் பிறகும் இரண்டு நிமிடம் பேசினால் அந்த வேகம் போச்சு, நான்காவது குவார்ட்டரில் காலும் போச்சு. விசில் இல்லாததன் பலன்கூட இங்கேதான். பிளே முடிந்ததென்று ஒருவர் ஊதும்வரை காத்திருக்காமல் அவர்களே முடித்து, அவர்களே திரும்ப வந்து நிற்கிறார்கள்.

#6 வட_மினசோட்டா

முறை நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் 489ல் முறையின் பங்கு எவ்வளவு, இடத்தின் பங்கு எவ்வளவு என்று பிரித்துப் பார்க்காமல் பேசக்கூடாது.

டிவிஷன் 3ல் விளையாட்டு ஸ்காலர்ஷிப் கிடையாது. யாருக்கும் பணம் கொடுத்து ஆள் பிடிக்க முடியாது. அப்படிப்பட்ட இடத்தில் நல்ல பெயருள்ள ஆண்கள் கல்லூரி, சுற்றிலும் கத்தோலிக்க உயர்நிலைப் பள்ளிகள், அப்பா படித்த இடத்தில் மகனும் படிக்க வரும் குடும்பங்கள், இயற்கையான பள்ளத்தில் மரங்களுக்கு நடுவே ஒரு கிளெமன்ஸ் ஸ்டேடியம். யாரையும் டீமிலிருந்து நீக்குவதில்லை என்பதால் 150க்கு மேல் ஆட்கள். மியாக்கில் மற்ற கல்லூரிகளில் சிலவற்றுக்கு இதில் பாதி சேர்வதே கஷ்டம்.

அதே கான்ஃபரன்ஸில் இதே மாதிரி வசதியோடு இன்னொரு கத்தோலிக்கக் கல்லூரி செயின்ட் தாமஸ், செயின்ட் பால் நகரத்திலேயே. 2008ல் கிளென் கரூசோ அங்கே வந்தார். 2012ல் அவர்கள் தேசிய இறுதி ஆட்டம் வரை போனார்கள். அதே 2012ல் கலார்டியின் கடைசி சீசன் 5-5. 2017ல் செயின்ட் ஓலாஃபை செயின்ட் தாமஸ் 97-0 என்று அடித்தது. 2019ல் 'உங்களோடு ஆட முடியாது' என்று மியாக்கே அவர்களை வெளியேற்றியது. 2021ல் நேராக டிவிஷன் 1க்குப் போனார்கள். ஆக வசதி, நகரம், மாணவர் எண்ணிக்கை என்ற மூன்றும் சேர்ந்தால் முறை எதுவானாலும் ஜெயிக்கலாம் என்று வாதாட இடம் இருக்கிறது.

#7 ஃபோர்த்_டவுன்

வட_மினசோட்டா சொல்வதில் நியாயம் இருக்கிறது, ஆனால் இரண்டு இடத்தில் நான் ஒத்துப்போக மாட்டேன்.

ஒன்று, அந்தக் கல்லூரி, அந்தப் பள்ளிகள், அந்தக் குடும்பங்கள் எல்லாம் 1953க்கு முன்பும் அங்கேதான் இருந்தன. ஆனால் அவருக்கு முந்தைய பல வருடங்களில் பட்டம் வரவில்லை. கேரலிலோ இவ்வளவு வசதி இல்லை. அங்கேயும் மூன்று பட்டம் வந்தது. இரண்டு, 150 பேர் என்பது தானாகக் கிடைத்த வசதி இல்லை, முறையின் விளைவு. டேக்கிளும் தண்டனை ஓட்டமும் இருக்கும் இடத்தில், ஆட்டத்தில் இறங்க வாய்ப்பே இல்லாத இரண்டாம் வருடப் பையன் எதற்காக நான்கு வருடம் இருப்பான்? ஒன்றரை மணி நேரம், அடி இல்லை, கோச்சை ஜான் என்று பெயர் சொல்லிக் கூப்பிடலாம், கடைசி வருடத்தில் எல்லாரும் முறை வைத்து கேப்டன். இருந்துவிடுகிறான். நான்காம் வருடத்தில் அவன் 21, 22 வயது ஆள், அமைப்பு முழுவதும் மனப்பாடம். டிவிஷன் 3ல் வயது என்பது பெரிய ஆயுதம்.

ஆனால் முறைக்கு எல்லை உண்டு என்பதற்கு 1993ஐப் பாருங்கள். அந்த சீசனில் ஆட்டத்துக்குச் சராசரி 61.5 புள்ளி, என்சிஏஏ சாதனை. அரையிறுதியில் மவுன்ட் யூனியனிடம் 56-8. லைனில் அவர்களைவிட வேகமும் எடையும் உள்ள டீம் வந்தபோது பழகிய பிளேகளால் ஈடுகொடுக்க முடியவில்லை. 2000 இறுதி ஆட்டத்தில் அதே மவுன்ட் யூனியனிடம் 10-7 தோல்வி. 2003ல்தான் கணக்கு நேரானது. 55 ஆட்டங்களாகத் தோற்காத மவுன்ட் யூனியனை 24-6. அதில் ஒரு டச் டவுன், தங்கள் கோல் லைனில் பாஸைப் பறித்து 100 யார்டு ஓடியது. அந்த சீசனில்தான், நவம்பர் 8, பெத்தலுக்கு எதிராக 29-26 என்று 409வது வெற்றி வந்து, கிராம்ப்ளிங்கின் எடி ராபின்சன் வைத்திருந்த 408ஐத் தாண்டினார்.

#8 புல்தரை

அருமை. மூன்றாவது கேள்வி பாக்கி. வேலை எப்படி? அதைத் தெரிந்தவர் யாராவது சொல்லுங்கள்.

#9 ஃபிலிம்_ரூம்

டிவிஷன் 3 கோச் வேலையில் மைதானத்தில் நிற்கும் நேரம்தான் குறைவானது.

பெரிய பகுதி ஆள் சேர்ப்பது. பல சின்னத் தனியார் கல்லூரிகளில் ஃபுட்பால் டீம் என்பது கட்டணம் கட்டும் மாணவர்களைக் கொண்டுவரும் வழி. அதனால் அட்மிஷன் அலுவலகம் கோச்சுக்கு ஓர் எண்ணிக்கை கொடுத்துவிடும். உதவித்தொகை குடும்ப வருமானத்தையும் மதிப்பெண் போன்ற ஆட்டம் சாராத தகுதிகளையும் பார்த்து மட்டுமே தரலாம். ஆட்டத் திறமைக்காக ஒரு டாலர்கூடக் கூட்டக்கூடாது. ஆகவே கோச் ஒரு பையனிடம் 40 யார்டு வேகத்தைக் கேட்பதற்கு முன்னால் மதிப்பெண்ணைக் கேட்க வேண்டும். பையன் எத்தனை நல்ல சேஃப்டியாக (டிஃபென்ஸின் கடைசி வரிசை ஆள்) இருந்தாலும், உதவித்தொகைக் கடிதம் வந்த பிறகு மீதிக் கட்டணம் வீட்டுக்குக் கட்டாது என்றால் ஆறு மாத உழைப்பு வீண். எனவே அரசு கல்வி உதவிக்கான ஃபாஃப்சா படிவத்தைச் சீக்கிரம் போடவைப்பதே கோச்சின் வேலைகளில் ஒன்று. மே 1 வாக்கில் முன்பணம் கட்டியவர்களில் சிலர் ஆகஸ்டில் வரமாட்டார்கள். அதையும் கணக்கில் வைத்து ஒவ்வொரு இடத்துக்கும் ஓரிருவர் கூடுதலாகச் சேர்க்க வேண்டும். ஆட்டத்தை நடத்தும் குவாட்டர்பேக் ஒருவரை நம்பி நின்றால் அந்த வருடம் முடிந்தது.

உதவியாளர்களில் முழுநேரச் சம்பளம் சிலருக்குத்தான். டிஃபென்ஸ் கோஆர்டினேட்டரே எடைப்பயிற்சி அறையைப் பார்ப்பார், இன்னொருவர் தடகள டீமையும் பார்ப்பார், மூன்றாமவர் ஹெல்மெட் சரிபார்ப்பதும் ஜெர்சி துவைப்பதும். கலார்டி 'ஃபுட்பால் தியரி' என்று ஒரு பாடமே கல்லூரியில் நடத்தினார். மாணவர்களிடம் அதற்கு நல்ல வரவேற்பு.

வார ஓட்டம்: சனி ஆட்டம். ஞாயிறு தங்கள் ஃபிலிம், ஒவ்வொரு ஆளுக்கும் ஒவ்வொரு பிளேக்கும் மதிப்பெண். அன்றே ஹட்ல் என்ற வீடியோ மென்பொருளில் அடுத்த எதிரணியின் மூன்று நான்கு ஆட்டங்களைப் பிரிப்பது. ஒவ்வொரு பிளேக்கும் டவுன் (எத்தனையாவது முயற்சி), பாக்கி தூரம், பந்து இருந்த ஹாஷ் (மைதானத்தின் இடது அல்லது வலது குறி), ஃபார்மேஷன் (ஆட்கள் நிற்கும் அமைப்பு), மோஷன் (ஸ்நாப்புக்கு முன் ஓர் ஆள் நகர்வது), முன்வரிசை, கவரேஜ் என்று குறிக்க வேண்டும். ஆட்டத்துக்கு 60, 70 பிளே. இதில் அடிக்கடி நடக்கும் தவறு ஹாஷ். கேமரா எதிர்ப்பக்கத்தில் இருந்தால் இடது ஹாஷை வலது என்று குறித்துவிடுவார்கள். ஒரு ஆட்டம் முழுக்க அப்படிக் குறித்தால், 'வலது ஹாஷில் மூன்றாவது டவுன் என்றால் அகலமான பக்கம் ஓடுவார்கள்' என்று வரும் முடிவே தலைகீழ். உதவியாளர்கள் ஸ்நாப் பார்க்கும் முன் கேமரா எந்தப் பக்கம் என்று ஸ்கோர்போர்டை வைத்துச் சரிபார்ப்பது நல்ல பழக்கம்.

செவ்வாய், புதன் முழுப் பயிற்சி. வியாழன் மூன்றாவது டவுன், ரெட் ஸோன் (கோல் லைனுக்கு அருகிலுள்ள பகுதி), இரண்டு நிமிட ஆட்டம். வெள்ளி நடைப் பயிற்சி, தூரமென்றால் பஸ். எல்லாரையும் பஸ்ஸில் ஏற்ற முடியாது. யாரை விடுவது என்று முடிவெடுப்பது கோச்சுக்கு வாரத்தில் கஷ்டமான வேலை. மீதி ஆட்களுக்காகத்தான் ஜேவி (இரண்டாம் நிலை டீம்) ஆட்டங்கள். மாலை ஏழு மணிக்கு மேல் ஆள் சேர்க்கும் ஃபோன்கள்.

#10 பெஞ்ச்_வார்மர்

இதிலிருந்து மேலே போனவர்கள் உண்டா? அல்லது அங்கேயே இருந்துவிடுவார்களா?

#11 ஃபிலிம்_ரூம்

இரண்டும் உண்டு. லான்ஸ் லைபோல்ட் விஸ்கான்சின் ஒயிட்வாட்டரில் 2007 முதல் 2014 வரை 109-6, ஆறு டிவிஷன் 3 பட்டம். பிறகு டிவிஷன் 1ல் பஃபலோ, 2021லிருந்து கான்சஸ். லாரி கேரஸ் மவுன்ட் யூனியனில் படித்து, அங்கேயே 1986 முதல் 2012 வரை 332-24-3, 11 பட்டம், அங்கேயே ஓய்வு. ஃப்ராஸ்டி வெஸ்டரிங் 305 வெற்றி, 1999ல் பசிபிக் லூத்தரனுக்கு டிவிஷன் 3 பட்டம்.

நுழையும் வழி பெரும்பாலும் இது: ஆடி முடித்து மாணவ உதவியாளர், பிறகு முதுகலை படித்துக்கொண்டே இரண்டு வருடம் கிராஜுவேட் அசிஸ்டென்ட், பிறகு ஏதாவது ஒரு டிவிஷன் 3 கல்லூரியில் பகுதிநேரம். அந்தப் பகுதிநேர வருடங்களில்தான் பலர் விட்டுவிடுகிறார்கள், சம்பளம் போதாமல்.

#12 கார்டு_64

'மற்றவர்கள் ஏன் பின்பற்றவில்லை' என்பதற்கு ஐவி லீக் என்ற பழைய பல்கலைக்கழகங்களின் கான்ஃபரன்ஸில் ஆடும் டார்ட்மவுத்தைப் பற்றிப் பேசியே ஆக வேண்டும். பட்டி டீவன்ஸ் 2010ல் அங்கே பயிற்சியில் ஆள்மேல் ஆள் டேக்கிளை நிறுத்தினார். 2008ல் 0-10 ஆக இருந்த டீம் 2015ல் ஐவி லீக் பட்டத்தைப் பகிர்ந்துகொண்டது. 2016ல் ஐவி லீக் கோச்சுகள் எல்லாருமே சீசன் நடுவே முழு டேக்கிள் பயிற்சியைக் கைவிட வாக்களித்தார்கள்.

ஆனால் டீவன்ஸ் போனது கலார்டிக்கு நேர் எதிர்ப் பாதையில். கலார்டி டம்மியையும் சேர்த்து எடுத்தார். டீவன்ஸ் டேக்கிள் பயிற்சியைக் கூட்டினார், ஆளுக்குப் பதில் பையின் மேல். ஓடிக்கொண்டே திரும்பும் ரோபோ டம்மியையே அந்தக் கல்லூரியின் பொறியியல் பிரிவில் உருவாக்கினார்கள். நுட்பத்தைத் தனியாகப் பழகு என்பது டீவன்ஸ். ஆட்டத்தையே பழகு, நுட்பம் அதற்குள் வரும் என்பது கலார்டி. 150 பேரில் முக்கால்வாசி அமைப்பு தெரிந்த பழைய ஆட்கள் என்றால் கலார்டி வழி. ஆட்கள் அடிக்கடி மாறும் டீமுக்கு டீவன்ஸ் வழியே பாதுகாப்பு.

#13 வட_மினசோட்டா

இந்தப் பிரிப்பை ஏற்றுக்கொள்கிறேன். 60 பேர் டீம் வைத்திருக்கும் ஒரு கோச் நாளை இதைத் தொடங்க வேண்டும் என்றால் எந்த வரிசையில் மாற்றுவது? எல்லாவற்றையும் ஒரே நாளில் எடுத்துவிட்டு மூன்று தோல்விக்குப் பிறகு பழையபடி திரும்பியவர்கள்தான் அதிகம்.

#14 கார்டு_64

முதலில் தண்டனை ஓட்டத்தையும் கடைசி ஸ்பிரிண்டையும் எடுங்கள், ஆனால் அதே வாரம் டீம் பகுதியின் வேகத்தைக் கூட்டுங்கள். ஒரு மேனேஜர் கையில் கடிகாரம், பிளேக்கு 30 வினாடி, தாண்டினால் கோச்சிடமே சொல்ல வேண்டும். கோச்சின் பேச்சு பிளே நடுவே வேண்டாம், ஃபிலிமில் பேசலாம்.

அடுத்து, பிளே எண்ணிக்கையை வெகுவாகக் குறையுங்கள். இதைத்தான் யாரும் செய்வதில்லை. பிளே கட்டு 120 என்று வைத்துக்கொண்டு 80 ரெப் (ஒரு பிளேயை ஒரு முறை ஓடிப் பார்ப்பது ஒரு ரெப்) ஓடினால் ஒவ்வொன்றுக்கும் ஒரு ரெப்கூட வராது. மிச்சமான நேரம் எல்லாம் அங்கே கரைந்துவிடும். 15, 20 பிளே, ஒவ்வொன்றும் நான்கு அமைப்புக்கு எதிராக.

மூன்றாவதுதான் டேக்கிளை நிறுத்துவது. அதையும் சீசன் தொடங்கிய பிறகு நிறுத்துங்கள். ஆகஸ்ட் முகாமில் புது ஆட்களுக்குச் சில நாள் கட்டுப்பாட்டோடு விட்டுவையுங்கள், அவர்கள் எங்கிருந்து என்ன பழகி வந்தார்கள் என்று தெரியாது.

60 பேர் என்றால் ஸ்கவுட் டீம் பலவீனமாக இருக்கும். அதற்கு முதல் டிஃபென்ஸ் ஆட்களில் நான்கு பேரையாவது தினம் 15 நிமிடம் ஸ்கவுட்டில் நிறுத்துங்கள். எதிரணியின் அமைப்பு வரைந்த அட்டையைப் பார்த்து நிற்கும் இடத்தையாவது சரியாகக் காட்டுவார்கள். தப்பான இடத்தில் நிற்கும் ஸ்கவுட் லைன்பேக்கருக்கு எதிராக 80 முறை ஓடினால், 80 முறை தப்பைப் பழகினதாகிவிடும்.